கிளின்னா அப்படித்தான் இருக்குமா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியலை. ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் ஆணி குவிஞ்சுதான் கிடக்கு, ஆனா வயித்தெரிச்சல் அதை விட ஜாஸ்தியாயிட்டதால இந்தப் பதிவு. மொக்கையும் கும்மியும் எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிச்சுக்கோங்க. இன்னிக்குக் கொஞ்சம் சண்டை போடலாம்னு இருக்கேன். யார் கூடன்னு கேக்கறீங்களா? நம்ம எல்லார் கூடவும்தான். என்னையும் சேர்த்து.

நமக்குச் சொந்த ஊர் தென்காசின்னு பல தடவை பீத்திக்கிட்டது ஞாபகம் இருக்கும். போன ஆடியில சீசன் நல்லா இருக்குன்னு பெங்களூர்ல இருந்து அண்ணன், மதினி, அவங்க ஆறு வயசுப் பொண்ணு எல்லாரும் வந்திருந்தாங்க. குற்றாலம் பேரருவியில கூட்டத்துல இடிபட்டுக் குளிச்சு முடிச்சு, ஈரத்துண்டைத் தலையில போட்டுக்கிட்டு பஜார்ல ஒரு ரவுண்டு. ரம்புட்டான், மங்குஸ்தான், நேந்திரம் சிப்ஸ். ஓரமா ஒரு கிளி ஜோசியர் உக்காந்திருந்தார். அண்ணனுக்கு ஆன்சைட் போகணும்னு நாலு வருஷமா ஆசை. விடுவானா? உக்காந்துட்டான்.

பெட்டிக் கதவைத் திறந்தார். கிளி நடந்து வந்துச்சு. கவனிங்க, நடந்து வந்துச்சு. சீட்டை ஒவ்வொண்ணா தள்ளி, ஒண்ணை எடுத்துக் குடுத்து, ஒரு நெல்லை வாங்கிக்கிட்டு, திரும்ப உள்ள நடந்து போச்சு. அண்ணனுக்கு வெளிநாட்டு யோகம் இருக்காம். மதினிக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பெட்டிக்குள்ள போன கிளி மேலதான் கண்ணு. ரெண்டு றெக்கையும் கத்தரிக்கோலால நேர்கோட்டுல வெட்டின மாதிரி. வால் இருக்க வேண்டிய இடத்துல தேஞ்ச தொடப்பக்கட்டை மாதிரி நாலு குச்சி. மூக்கு வளைஞ்சு தாடையைத் தாண்டித் தொங்குது.

மறுநாள் காலையில காசி விஸ்வநாதர் கோயில். எங்க ஊர் கோபுர வாசல்ல ஆளைத் தள்ளுற மாதிரி ஒரு காத்து வரும், போனவங்களுக்குத் தெரியும். அங்க நின்னு பாப்பா வாயைப் பொளந்து மேல பாத்துக்கிட்டு இருந்தா. கோபுரத்துல இருந்து ஏழெட்டுக் கிளிங்க கத்திக்கிட்டே அம்பு விட்ட மாதிரி பறந்துச்சு.

"சித்தப்பா, பச்சையா நீள வால் வெச்சுக்கிட்டுப் போவுதே, அது என்ன பறவை?"

"கிளிம்மா."

"பொய் சொல்லாதீங்க. கிளிக்கு வால் கிடையாது. நேத்துதான பாத்தோம்?"

நான் ஙேன்னு நின்னேன். எங்க அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை மக்களே.

ஆறு வயசுக் குழந்தை மேல என்ன தப்பு? அவ பக்கத்துல இருந்து பாத்த ஒரே கிளி அதுதான். அதை வெச்சு கிளின்னா இதுதான்னு மனசுல பதிச்சுக்கிட்டா. நம்ம தொழில் பாஷையில சொன்னா ரெஃபரன்ஸ் காப்பியே கரப்ட். அதோட எதை ஒப்பிட்டாலும் டெஸ்ட் பாஸ்னுதான் வரும். முழு வாலோட பறக்கிற கிளிதான் ஃபெயில்.

என் சண்டை இதுதான். கூண்டுக்கிளியைப் பாத்துப் பாத்து, ஊனத்தையும் நோயையும் கிளியோட லட்சணம்னு நாம முடிவு பண்ணி வெச்சிருக்கோம். "கிளின்னா அப்படித்தான் இருக்கும்"கிற இந்த ஒரு வாக்கியம் எத்தனை கிளியைக் கொன்னிருக்கும்னு தெரியலை. ஒண்ணைப் பத்தி மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிடுதேன்.

*

இலஞ்சியில எங்க ஆச்சி வீட்டுத் தார்சால ஒரு வட்டக் கூண்டு தொங்கும். அதுக்குப் பேரே கிடையாது, "கிளி"தான். "ஆச்சி, யாரு வந்திருக்கா"ன்னு கேக்கும். வாசல்ல யாருமே இல்லாதப்பவும் கேக்கும். பழைய சோறு, நிலக்கடலை, பொரிகடலை, மிளகாய்ப்பழம், இதான் சாப்பாடு. (மிளகாய் குடுத்தது தப்பே இல்ல. பறவைக்குக் காரம் உறைக்காது. அதுல சத்தும் உண்டு. மத்ததெல்லாம்தான் தப்பு.) நான் ஒன்பதாங் கிளாஸ் படிக்கையில அது நெஞ்சுல இறகெல்லாம் போய், உரிச்ச கோழி மாதிரி தோல் தெரிய ஆரம்பிச்சுது. தலை மட்டும் பச்சைப்பசேல்னு முழுசா இருந்துச்சு.

ஒருநாள் மதுரையில இருந்து வந்த ஒரு மாமா கேட்டார். "என்னல இது, கிளி இப்படி இருக்கு?" பெரிய மனுஷன் மாதிரி நான்தான் பதில் சொன்னேன். "கிளின்னா அப்படித்தான் மாமா இருக்கும். வயசாயிட்டு."

அந்தக் கிளி வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. நல்லா வெச்சுக்கிட்டா கிளி இருபது வருஷத்துக்கு மேலயும் இருக்கும். அது எனக்கு அப்பத் தெரியாது.

அந்தக் கார்த்திகையில ஒரு சாயங்காலம் கிளி உருண்டையா, பஞ்சு பொம்மை மாதிரி உக்காந்திருந்துச்சு. "கிளி நல்லா குண்டாயிட்டு பாத்தியா"ன்னு ஆச்சிக்குச் சந்தோஷம். எனக்கும்தான். காலையில கூண்டுத் தரையில கிடந்துச்சு. கையில எடுத்தப்போ எடையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துச்சு.

உடம்புக்கு முடியாத பறவை, சூடு போயிடாம இருக்க இறகைச் சிலுப்பிக்கிட்டு உக்காரும். அதைத்தான் நாங்க குண்டுன்னு கொண்டாடினோம். பட்டம் வாங்கி, வேலைக்குச் சேந்து, ராத்திரி மூணு மணிக்கு வேற எதையோ படிக்கப் போய் இதைத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கு அதுக்கு மேல தூக்கம் வரலை.

*

சரி, எது நார்மல்? புலம்பிட்டு மட்டும் போனா எப்படி? நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை (செந்தார்ப் பைங்கிளின்னும் சொல்லுவாங்க) எடுத்துப்போம். கூண்டுல இல்ல, கோபுரத்துல இருக்கிறதை.

வால்: மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் கிட்டத்தட்ட 40 செ.மீ. அதுல பாதிக்கு மேல வால்தான். மொத்தம் 12 வால் இறகு, நடு ரெண்டும் நல்லா நீளம். குஞ்சுக்கு வால் குட்டையா இருக்கும், அது சரி. வளர்ந்த கிளிக்கு மொட்டை வால்னா கூண்டு சின்னது, கம்பியில உரசி உரசி ஒடிஞ்சிருக்கு.

றெக்கை: ஒவ்வொரு பக்கமும் ஓரத்துல 10 பெரிய இறகு. அதுதான் பறக்குற இறகு. நுனி கூம்பி இருக்கணும். நேர்கோட்டுல முடிஞ்சா அது கத்தரிக்கோல் வேலை. நம்ம நகம் மாதிரி வெட்டின இடத்துல இருந்து அது வளராது. அடிக்கட்டை தானா உதிர்ந்து புது இறகு முளைக்கணும், அதுக்கு அடுத்த இறகுதிர் காலம் வரணும். அதுக்குள்ள திரும்ப வெட்டிடுறாங்க.

கழுத்து ஆரம்: கறுப்பும் ரோஸும் கலந்த அந்த வளையம் ஆணுக்கு மட்டும்தான். அதுவும் பிறந்து ஒண்ணரை வருஷத்துல இருந்து மூணு வருஷத்துக்குள்ளதான் வரும். ஆரம் இல்லைன்னா நோயும் இல்ல, மட்டமான கிளியும் இல்ல. பொட்டையா இருக்கும், இல்ல சின்னதா இருக்கும். ஆரம் இல்லாததைக் குறை சொல்லுறவங்க றெக்கை இல்லாததைக் குறை சொல்ல மாட்டாங்க. என்ன நியாயமோ!

மூக்கு: மேல் அலகு சிவப்பு. நம்ம தென்னாட்டுக் கிளிக்குக் கீழ் அலகு கறுப்பா இருக்கும், அது அழுக்கு இல்லை. தேய்க்காதீங்க. அலகு வளர்ந்துக்கிட்டே இருக்கும், கிளி மரத்தைக் கொறிச்சுத் தேச்சுக்கும். மேல லேசா செதில் உரியறது சகஜம். ஆனா கீழ் அலகைத் தாண்டி நீளமாத் தொங்கினா, கொறிக்க ஒண்ணும் கிடைக்கலைன்னு அர்த்தம். இல்லைன்னா சாப்பாடு சரியில்லாம ஈரல் கெட்டிருக்கலாம்.

கண்ணு: குஞ்சுக்குக் கறுப்பு, வளர வளர வெளிர்மஞ்சளாகும். குஷி வந்தா கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். முதல் தடவை பாத்தா பயமா இருக்கும், ஆனா நார்மல். கண் ஓரம் வீங்கி இருந்தாலோ, மூக்குத் துவாரத்துல பொருக்கு அடைச்சிருந்தாலோ நார்மல் இல்லை.

கால்: ரெண்டு விரல் முன்னால, ரெண்டு விரல் பின்னால. "கால் முறுக்கிக்கிச்சு"ன்னு ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி விட்ட கதை எங்க தெருவுல உண்டு, அவ்வ்வ்வ். உள்ளங்கால்ல சின்னச் சின்னப் புள்ளியா மேடு இருக்கணும். வழவழன்னு செக்கச்செவேல்னு இருந்தா, பகல் ராத்திரி ஒரே கனமுள்ள கம்பியில நின்னு நின்னு புண்ணாகப் போகுது. ஒத்தைக் கால்ல தூங்குறது நார்மல். ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு, சிலுப்பிக்கிட்டு, பகல்ல கண்ணைச் செருகினா நார்மல் இல்லை.

இறகு: வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து முளைக்கும். புது இறகு வெள்ளைக் குழாய் மாதிரி முள்ளு முள்ளா வரும், பிடுங்கிடாதீங்க, உள்ள ரத்தம் ஓடும். இறகு உதிர்றது நார்மல். தோல் தெரியற வழுக்கை நார்மல் இல்லை. இங்கதான் ஆச்சி வீட்டுக் கிளிக்கு விடை இருக்கு. நெஞ்சு வழுக்கை, தலை மட்டும் முழுசுன்னா தானே பிடுங்கிக்குதுன்னு அர்த்தம், ஏன்னா தன் தலை தன் மூக்குக்கு எட்டாது. நோய் இருக்கலாம், சத்துக்குறைவு இருக்கலாம், தனிமையா இருக்கலாம். கூட்டமா வாழுற பறவை. வாசல்ல யாரும் இல்லாதப்பவும் "யாரு வந்திருக்கா"ன்னு கேட்டுச்சே, அது ஏன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. தலையிலயும் இறகு போயிருந்தா, பக்கத்துக் கிளி கொத்தியிருக்கலாம், இல்ல நோயா இருக்கலாம். டாக்டரைப் பாத்தே ஆகணும்.

மூச்சு: சும்மா உக்காந்திருக்கையில மூச்சுக்கு மூச்சு வால் மேலயும் கீழயும் ஆடினா, மூச்சுவிடக் கஷ்டப்படுது. அது டான்ஸ் இல்லை.

எச்சம்: இதையும் சொல்லிடுதேன், மூக்கைப் பொத்திக்கோங்க. பச்சை, வெள்ளை, தண்ணி, மூணு பாகம். வெள்ளைதான் பறவையோட மூத்திர உப்பு. அது மஞ்சளாவோ பச்சையாவோ மாறினா ஈரலைச் சந்தேகப்படணும்.

இவ்வளவு உத்துப் பாக்கணுமான்னு கேட்டா, பாக்கணும். கிளி கடைசி வரைக்கும் நோயைக் காட்டாது. காட்டுல சீக்காளின்னு தெரிஞ்சா வல்லூறு முதல்ல அதைத்தான் தூக்கும். அதனால நமக்கு வித்தியாசம் தெரியறப்போ பாதி கதை முடிஞ்சிருக்கும்.

*

இப்போ பின்னூட்டத்துல என்னென்ன வரும்னு தெரியும். முன்னாடியே பதில் சொல்லிடுதேன்.

"ஏழை ஜோசியர் வயித்துல அடிக்கறீங்களே?" இல்லைங்க. அவருக்கு வேற பொழைப்புக்கு அரசாங்கம் வழி பண்ணணும், அதுல மாத்துக் கருத்தே இல்லை. நான் திட்டுறது அவர் முன்னால குத்தவெச்சு உக்காந்த எங்க அண்ணனை, பக்கத்துல நின்ன என்னை. நாம உக்காராட்டி அந்தப் பெட்டியே கிடையாது. அப்புறம், மாடி வீட்டு வராண்டாவுல தொங்குறதும் அதே கிளிதான். ஜோசியரைக் கேக்குற வாய் அங்க ஏன் மூடிக்குது?

"சட்டமெல்லாம் யாரு பாக்கா?" 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பச்சைக்கிளியும் உண்டு. 2022ல திருத்தி, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு வந்த பிறகு அது ரெண்டாம் அட்டவணையில இருக்கு. பிடிக்கறது, விக்கறது, வளக்கறது எல்லாமே குத்தம். மறைந்த நடிகர் ரோபோ சங்கர் வீட்டுல இருந்து 2023 பிப்ரவரியில ரெண்டு பெரிய பச்சைக்கிளியை (அலெக்ஸாண்டிரைன் வகை) வனத்துறை எடுத்துட்டுப் போய் 2.5 லட்ச ரூபாய் அபராதம் போட்டாங்க. 2024 ஏப்ரல்ல கடலூர் தொகுதியில பாமக வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றின்னு சீட்டெடுத்த கிளியோட ஜோசியரைப் பிடிச்சு, எச்சரிச்சு விட்டாங்க. (ஜோசியமும் பலிக்கலை, அவர் தோத்துட்டார்.) ரெண்டு தடவையும் டீக்கடையில நான் கேட்ட பேச்சு என்ன? அபராதம் எவ்வளவு, பழிவாங்கலா இல்லையா, இவ்வளவுதான். அந்தக் கிளிகளுக்கு றெக்கை இருந்துச்சா, உடம்பு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர் கேக்கலை. கேக்கத் தோணாது. கிளின்னா அப்படித்தானே இருக்கும்!

இதுல ஒரு கொடுமையும் உண்டு. வளக்கறது குத்தம்னு தெரிஞ்சவங்க, கிளிக்கு உடம்பு சரியில்லைன்னா டாக்டர்கிட்டயும் கொண்டு போறதில்லை. வித்தவன்கிட்டயே யோசனை கேக்கறாங்க. அவன் என்ன சொல்லுவான்? "கிளின்னா அப்படித்தான் அண்ணாச்சி." 

"நாங்க பாசமா வளக்குறோம், திறந்து விட்டாலும் போக மாட்டேங்குது." போகாதுன்னு சொல்லாதீங்க, போக முடியாதுன்னு சொல்லுங்க. றெக்கை வெட்டி, வருஷக்கணக்கா ஒரு முழக் கூண்டுல உக்கார வெச்சா நெஞ்சுத் தசை வத்திடும். கால்ல கட்டுப் போட்டு ஆறு வருஷம் படுக்க வெச்சுட்டு, "இவன் எங்களை விட்டுப் போகவே மாட்டான், அவ்வளவு பாசம்"னு சொல்லுவீங்களா?

"அப்போ இன்னிக்கே திறந்து விட்டுடவா?" தயவு செஞ்சு வேண்டாம். பறக்கத் தெரியாத கிளி தெருவுல பூனைக்குத்தான் சாப்பாடு. வனச்சரக அலுவலகத்துல ஒப்படைங்க. இறகு முளைச்சு, பறந்து பழகின பிறகுதான் வெளிய விட முடியும்.

"லவ் பேர்ட்ஸ் வளக்கலாமா?" நாம லவ் பேர்ட்ஸ்னு கூப்பிடுற பட்ஜி ஆஸ்திரேலியாப் பறவை, வளக்கச் சட்டத்துல தடை இல்லை. ஆனா அதுக்கும் நார்மல் எதுன்னு தெரிஞ்சு வளங்க. மூக்குக்கு மேல இருக்கிற மெத்தை, வளர்ந்த ஆணுக்குப் பொதுவா நீலம். பொட்டைக்கு முட்டை வைக்கிற நேரத்துல காபிக் கலர்ல தடிச்சுப் பொருக்கு மாதிரி ஆகும், அது நார்மல். அலகு ஓரத்துலயும் கண்ணைச் சுத்தியும் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா வெள்ளைப் பொருக்கு வந்தா அது உண்ணி, வைத்தியம் உண்டு. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு நல்ல பறவைக்கு மருந்து போடுறவங்களும் உண்டு, சீக்குப் பறவையைச் சும்மா விடுறவங்களும் உண்டு.

*

கடைசியா ஒண்ணு. எங்க ஊர்ல இருந்து மதுரை போற ரோட்டுல ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். அங்க ஆண்டாள் கையில இருக்கிற கிளியை தினமும் புதுசா செய்யறாங்க. மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடம்பு. ஒரு நாள் மட்டுமே இருக்கப் போற, உயிரில்லாத அந்த இலைக்கிளிக்கு எவ்வளவு பக்குவம் பாக்கறாங்க! உயிரோட இருக்கிற கிளியை மட்டும் வெட்டிப் பெட்டியில வெச்சுட்டு, அதுகிட்டயே நம்ம எதிர்காலத்தைக் கேக்கறோம்.

இதே வகைக் கிளிதான் எப்பவோ கூண்டுல இருந்து தப்பிச்சுப் பெருகி, இன்னிக்கு லண்டன் பூங்காக்கள்ல ஆயிரக்கணக்குல பறக்குது. பழந்தோட்டத்துக்கும் அந்த ஊர்ப் பறவைகளுக்கும் தொல்லைன்னு அங்க வேற பஞ்சாயத்து ஓடுது. ஆனா ஒண்ணு, அங்க பிறக்கிற குழந்தைக்குக் கிளிக்கு வால் உண்டுன்னு தெரியும். தென்காசிக்காரன் பேத்திக்குத் தெரியலை.

அதனால ஊருக்குப் போறப்போ ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்களை ஒரு சாயங்காலம் ஏதாவது கோபுரத்தடிக்கோ, பழைய ஆலமரத்தடிக்கோ கூட்டிட்டுப் போங்க. கிளி கூட்டமா அடைய வரும். முதல்ல அதைக் காட்டுங்க. அதுக்கப்புறம் எந்தக் கூண்டைப் பாத்தாலும் அவங்களே கேப்பாங்க.

எங்க பாப்பாவை அடுத்த நாளும் அதே நேரத்துக்குக் கோபுர வாசலுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் மெதுவா கேட்டா, "அப்போ அருவிகிட்ட இருந்த கிளியோட வாலை யாரு எடுத்துக்கிட்டாங்க சித்தப்பா?"

அண்ணன் மொபைலை நோண்ட ஆரம்பிச்சுட்டான். நானும் பதில் சொல்லலை.

பி.கு: அண்ணனுக்கு இன்னும் ஆன்சைட் வரலை.

டிஸ்கி: நான் கால்நடை டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு வைத்தியம் பண்ணாதீங்க, பறவை பாக்கத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட போங்க. திட்டணும்னு தோணினா பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு, அனானிகளுக்கும் சேர்த்து :)